மே இருபத்திரண்டில் பிறந்தவர்கள்

செட்டில் என்பது நல்ல சொல்தானே, மயினி ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறாள்? இசபெல் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்தால் செட்டில். மகன் துபாய்க்குப் போனால் செட்டில். தக்கலையில் இந்தக் கடன் கம்பெனி மேலாளரும் அதைத்தான் சொல்கிறார். பாதியைக் கட்டினால் போதும், ‘செட்டில்டு’ என்று போட்டு முடித்துவிடலாமாம்.

ஆனால் அது மயினி, அதாவது அண்ணன் மனைவி ரீத்தா, வாங்கிய கடன் இல்லை. கடியப்பட்டணத்தில் புனித ரீத்தாளின் திருநாளான மே இருபத்திரண்டை ஒட்டிப் பிறந்த பெண் பிள்ளைகள் பலருக்கும் அதே பெயர். பள்ளியில் சேர்க்கும்போது திருநாளையே பிறந்த தேதியாகவும் எழுதிவிட்டார்கள். கடன் தகவல் நிறுவனத்தின் கணினி இரண்டு ரீத்தாக்களை ஒருத்தியாக்கிவிட்டது. நாத்தியும் மயினியும் சேர்ந்து மீன் வண்டி வாங்க வங்கிக்குப் போனபோதுதான் அது தெரிந்தது. வாராக்கடன் இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டியை விற்பவர் சனிக்கிழமைக்கு மேல் காத்திருக்க மாட்டார்.

இசபெல் அழுதாள். ரீத்தா அழவில்லை. பணம் கட்டித் தன் பெயரில் உள்ள கடன் அறிக்கையை வரவழைத்தாள். புரியாத இடங்களை நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேட்டாள், சிரித்தவர்களிடமும் கேட்டாள். முழுதாகக் கட்டாதவள் என்று வருஷக்கணக்கில் நிற்கும் பெயர்தான் ‘செட்டில்டு’ என்று அறிந்துகொண்டாள். கடன் கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்டால்தான் திருத்துவோம் என்று பதில் வந்ததும் இசபெலையும் கூட்டிக்கொண்டு தக்கலைக்குப் பஸ் ஏறிவிட்டாள். தனக்கு ஏன் இப்படிக் கேட்க வரவில்லை என்று இசபெலுக்குப் பெருமையும் பொறாமையுமாக இருந்தது.

"மயினி, சும்மா கெட்டித் தொலைப்போம். எனக்க சங்கிலி இருக்கு."

"பேசாம இரிட்டீ. கெட்டினா அந்தக் கடன் எனக்கதுண்ணு ஆயிரும்."

"உங்க ஊர்ல எத்தன ரீத்தாம்மா?" மேலாளர் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கா சார் ஞானஸ்நானம் குடுத்தோம்? போட்டோவப் பாருங்க."

அவர் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, நீங்க இல்ல. அப்ப அந்த ரீத்தா எங்க? வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டா. இருக்கிற இடத்தச் சொல்லுங்க, இப்பவே திருத்தச் சொல்லி மெயில் போடறேன்."

இசபெலுக்கு அந்த இடம் தெரியும். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அந்த ரீத்தா கொல்லத்தில் ஒரு கொட்டகையில் இறால் உரிக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் வண்டி வந்துவிடும். இசபெல் வாயைத் திறந்தாள். மேசைக்கடியில் ரீத்தாவின் கை அவள் முழங்காலை அழுத்தியது.

"நான் அவ இல்லேண்ணு சொல்லத்தான் சார் வந்தேன்," என்றாள் ரீத்தா, குரலை உயர்த்தாமல். "அவ எங்கண்ணு சொல்ல வரேல்ல."

மேலாளரின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றன. ரீத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.