சேறு தின்னும் நண்டு

முப்பத்தேழாவது வீடியோவில்தான் அன்புராசாவுக்குச் சந்தேகம் வந்தது.

கனடாவில், பிறம்ரன் வெயர்ஹவுஸில் பாரம் தூக்கும்போது முதுகு பிடித்து, இரண்டு மாதமாக அவன் ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டில் சோபாவோடு கிடந்தான். மனைவி கௌசி பல்கலைக்கழகத்தில் கரைச் சேற்றில் வளரும் கண்டல் காட்டு நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன வருடம் மட்டக்களப்பு வாவிக் கரையில் கமெரா பூட்டி எடுத்துவந்த வீடியோக்களைப் பார்த்து, நண்டு எதை வாயில் வைக்கிறது என்று எண்ணித் தரச் சொன்னாள். சும்மா கிடக்கிறவனுக்கு ஒரு வேலை தருகிறாள் என்று முதலில் கொஞ்சம் ரோசமாக இருந்தது. நண்டு என்றால் அதுவரை அவனுக்குக் குழம்புதான்.

வீடியோவில் நண்டுக்குத் தீப்பெட்டி அளவு உடம்பு. தன்னைவிடப் பெரிய பழுத்த இலையை அது இடுக்கியால் பிடித்து, வேரைச் சுற்றி இழுத்துவந்து, வளைக்குள் சரித்து நுழைக்கிற விதத்தைக் கண்டதும், பதினொரு வருடம் சாமான் அடுக்கிய பலற் நகர்த்திய அன்புராசா முதுகு நோவை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த இலைகள் தண்ணீரோடு போய்விடாமல் நண்டுதான் காட்டுக்குள் வைத்திருக்கிறது என்றும், அதன் எச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ உயிர் பிழைக்கிறது என்றும், வளை வழியே காற்றுப் போவதால் வேர்களுக்கும் நல்லது என்றும் கௌசி சொன்னாள். அதற்குப் பிறகு அவன் காலைத் தேத்தண்ணியோடு நண்டுகளிடம் போகத் தொடங்கினான்.

ஆனால் அவனுடைய கணக்கு வேறாக வந்தது. இலை உள்ளே போனது உண்மை. வெளியில் நின்ற நேரமெல்லாம் நண்டுகள் சேற்றைத்தான் வழித்து வழித்து வாயில் வைத்தன. ஒருமுறை செத்த மீனைக் கிழித்தன. ஒன்று சின்ன நண்டொன்றையே தின்றது. கௌசி தன் ஆய்வேட்டுக்கு எழுதி முடித்த அத்தியாயமோ, அவை இலையில்தான் வாழ்கின்றன என்றது. கையளிக்க மூன்று கிழமைதான் இருந்தது. இரண்டு நாள் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தான். மூன்றாம் நாள் அவள் பல்கலைக்கழகத்தால் வந்ததும் சொல்லிவிட்டான்.

"நான் பிழையா எண்ணியிருக்கலாம், கௌசி. ஆனா உதுகள் இலையைவிடச் சேத்தைத்தான் கூடத் தின்னுதுகள்."

அவள் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல வாடியது. இலையில் மட்டும் வாழ அதில் சத்துப் போதாது என்று சிலர் எழுதியதை வாசித்திருந்தும், தான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றாள்.

"காணாமல் போன இலையைத்தான் நான் எண்ணினன். வாயைப் பாக்கேல்லை."

அடுத்த நாள் பேராசிரியரோடு கதைத்துவிட்டு வந்தாள். இப்படியே கொடுத்தாலும் தேறிவிடலாம், பிறகு திருத்தலாம் என்றாராம். பிந்தினால் அவளுக்குக் கிடைத்து, செப்ரெம்பரில் தொடங்கவிருந்த வேலை போய்விடும்.

"அப்ப குடுமன்," என்றான் அன்புராசா. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று அவனுக்குப் பட்டது.

"குடுக்கேலாது. நீங்கள் கண்டிட்டீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. அந்த வேலைக்காக அவள் எத்தனை விண்ணப்பம் எழுதினாள் என்று அவனுக்குத் தெரியும். அவளை ஏறிட்டுப் பார்க்க அவனுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

கௌசி ஒரு கொப்பியை எடுத்து அவனிடம் தந்து, நண்டு வாயில் வைப்பதையெல்லாம் தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாள். அடுத்த வீடியோவைப் போட்டாள். அங்கே மழை. வாவித் தண்ணீர் சேற்றின்மேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நண்டு ஒன்றையும் காணவில்லை. மூழ்கிய வளைகளிலிருந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக, காற்றுக் குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன.