பெயர் எழுதிய கைமரங்கள்

ஆலயத்தின் வெளிச்சுவர் உச்சியிலிருந்து ராஜகுமார் ஆசாரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மேலே சுவரோடு ஒட்டிய நூல், அடியில் மூன்று விரற்கடை விலகி நின்றது.

“பாத்தீரா? சுவரை வெளிய தள்ளுது. வெள்ளைக்காரன் ஓணான் எலும்பு மாதிரி மெல்லிசா வச்ச கூரை. நீரு அதுல ஆனையை ஏத்திட்டீரே, ஓய்!”

சபைச் செயலர் இஸ்ரவேல் குனிந்து அந்த இடைவெளியில் விரல்களை வைத்துப் பார்த்தார். மெல்லிய கைமரங்களை மரஆணிகளால் பிணைத்து, மிஷன் காலத்தில் அமைத்த கூரை அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு மரங்கள் உளுத்துப்போயின. இறந்தோர் நினைவாகக் குடும்பங்கள் மரம் கொடுக்கலாம் என்று அவர்தாம் ஆராதனையில் அறிவித்தார். பதினைந்து குடும்பங்கள் முன்வந்தன. யாரை வேண்டாமென்பது? பதினைந்தும் ஏறின, பருத்த தேக்குகள், ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். முதல் நான்கு நீங்கலாக மற்றவற்றை இறக்காவிடில் சுவர் நில்லாது என்று நாகர்கோவிலிலிருந்து வந்த பொறியாளர் ஷைஜா எழுதிக் கொடுத்துவிட்டார். பத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லியாயிற்று. ஒரு வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. எஞ்சியது ராகேலின் வீடு.

அவளுடைய மகன் ரெனிஷ் மஸ்கட்டில் இறந்து அங்கேயே அடக்கமானவன். ஊரில் கல்லறை கிடையாது. ஞாயிறுதோறும் சபையார் தலைகுனிந்து ஜெபிக்கையில் அவள் மட்டும் அண்ணாந்திருப்பாள். இன்று எப்படிப் போய்ச் சொல்வது என்று அவர் ஆலயத்துக்குள் தயங்கி நிற்கையில் அவளே வந்துவிட்டாள்.

“இறக்குறதுல உன் மவன் மரமும் உண்டு, ராகேலு.”

“கோயிலு நிக்கிற வரைக்கும் அவன் பேரு நிக்கும்னு நீங்கதானே சொன்னிய, அண்ணே?”

“சொன்னேன். கனம் தெரியாம சொன்னேன். எல்லாப் பேரையும் கல்லுல எழுதிச் சுவத்துல பதிக்கலாம்.”

“கல்லுல அத்தன பேருக்கு இடையில அவன் நெருங்கிக் கிடக்கணும். இங்க தனியா, சொகமா கிடக்கான்லா.”

“சுவரு சரிஞ்சா நாம எல்லாரும் சேந்து கிடப்பம், அக்கா” என்றார் பின்னாலேயே உள்ளே வந்த ராஜகுமார்.

“நீரு சும்மா இரும், ஆசாரி.” மேலே மகன் பெயரைப் பார்த்தபடி கேட்டாள்: “கயித்துல கெட்டித்தானே இறக்குவிய? பொத்துன்னு போட்டுரப்பிடாது.”

“போடமாட்டோம்.”

மரம் இறக்கும் நாளில் அவளே பெஞ்சுகளை நகர்த்தினாள். ஓடு பிரித்த இடைவெளி வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு கயிறுகளில் ரெனிஷின் மரம் மெல்ல இறங்கிற்று. “தள்ளி நில்லுங்க!” என்று ராஜகுமார் மேலிருந்து கத்தினார். மரம் இரண்டாள் உயரத்தில் இருக்கும்போதே அவள் இரு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றாள். இஸ்ரவேல் வேட்டியை மடித்துக்கட்டி, மறுமுனைக்கு நேரே போய்த் தம் கைகளையும் உயர்த்தினார்.