நல்லாத் தூங்குற புள்ள

கோயில் வாசலில் அழகமுத்து அண்ணன் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார். என் மகள் மதுஷா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் புது மெஷின். மாட்டி ஒன்பது நாள். ஒன்பது நாளும் நானும் மனைவி நிரஞ்சனியும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியதுதான் மிச்சம், பிள்ளை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. "மெஷின் போட்டாலும் சில பிள்ளைகளுக்குப் பலன் இருக்காது, அடுத்த மாசம் பார்ப்போம்" என்று கண்டியில் டொக்டர் சொல்லியிருந்தார்.

போன வருடத் திருவிழாவிலும் இதே இடத்தில்தான் நின்றேன். அப்போது அவளுக்கு ஒரு வயது. பத்தடி தூரத்தில் தப்பு முழங்கியது, ஹுன்னஸ்கிரிய மலையே அதிர்ந்தது. இவள் கண்ணைத் திறக்கவில்லை. "என்னா தங்கமான புள்ள! சுத்திப் போடு நிரஞ்சனி" என்றார்கள் எங்கள் தோட்டத்து லயத்துப் பெண்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வத்தேகமையில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறவன், நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும் என்ற திமிர் வேறு. "எங்க பாப்பாவுக்கு எப்பவும் சவுண்ட் ஸ்லீப்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மடையன்.

அந்த மாதமே கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கேட்டார், "கூப்பிட்டாத் திரும்புதா?"

"திரும்பாம? நான் பைக்ல வந்ததுமே வாசலுக்குத் தவழ்ந்து வந்துருவா மிஸ்ஸி."

பைக்கின் வெளிச்சம் எங்கள் வீட்டுக் காம்பராச் சுவரில் விழும். அவள் வந்தது அந்த வெளிச்சத்துக்கு. அது எனக்கு உறைக்கவில்லை. பேச்சு வரவில்லையே என்று கண்டிக்குக் கொண்டுபோனபோது பத்து மாதம் போயிருந்தது.

டொக்டர் விஷயத்தைச் சொன்ன மறுநாள், கடையில் கிடந்த பழைய அகராதியில் அந்தச் சவுண்டைத் தேடினேன். ஓசை என்று போட்டிருந்தது. ஆழ்ந்த என்றும் இருந்தது. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிக் கடலின் ஆழம் பார்ப்பதற்கும் அதே சொல்தானாம். பழுதில்லாத என்ற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அதன் பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடும்போதெல்லாம் அந்தக் கயிறுதான் ஞாபகத்துக்கு வரும். எவ்வளவு விட்டாலும் அடி தட்டவில்லை. அவள் வாயால் ஒரே ஒரு 'அப்பா'. வேறு எதையும் நான் எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை.

அழகமுத்து அண்ணன் எழுந்தார். தப்பைத் தோளில் மாட்டிக் குச்சியை ஓங்கி ஒரு அடி வைத்தார்.

தோளில் பிள்ளை தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். முகம் கோணி, வீரிட்டு அழுதாள். அழுதுகொண்டே கழுத்தைத் திருப்பித் தப்பு இருந்த பக்கம் பார்த்தாள்.

"ஐயோ, புள்ள பயந்துட்டா! வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க!" என்று பெண்கள் கத்தினார்கள். அழகமுத்து அண்ணன் கையை நிறுத்திவிட்டார். "என்னா யோகு, மரம் மாதிரி நிக்கிற? புள்ளயக் கொண்டு போப்பா."

நிரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு என் சட்டையைப் பிடித்தாள். பிள்ளையின் அழுகை ஓய்ந்து விம்மலாகிக்கொண்டிருந்தது. அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் போனேன்.

"அண்ணே, இன்னொரு அடி அடிங்க" என்றேன்.