ஏழாவது படி

எதையும் கையிருப்பில் வைப்பதில்லை என்று அந்தப் பம்பு கம்பெனி முடிவெடுத்தபோது மாடிப்படிகளும் போயின. யாராவது காலைத் தூக்கினால் ஒரு படி வரும். மிதித்து ஏறியதும் சப்ளையரின் ஆள் பழைய படியை உருவிக்கொண்டு போவான். சும்மா கிடக்கிற படி எதற்கு இடத்தை அடைக்க வேண்டும்?

கொள்முதல் பிரிவு கோகிலவாணி ஆறாவது படியில் வலது காலைத் தூக்கியபடி நின்றாள். ஏழாவது வரவில்லை. ஐந்தாவது போய்விட்டது. காலை இறக்கினால் ஆர்டர் ரத்து. மறுபடி தூக்கினால் வரிசையில் கடைசி. மேலே மேலாளர் பதவிக்கு நேர்காணல் நடந்துகொண்டிருந்தது, அடுத்த ஆள் அவள்தான். போன மாதம் படி சப்ளையரை மாற்றிச் செலவைக் குறைத்ததற்காகவே அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

புது சப்ளையருக்குப் போன் போட்டாள்.

"வண்டி பெருந்துறை தாண்டிடுச்சு மேடம். காலை மட்டும் இறக்கிடாதீங்க."

"போன வாரமும் இதையேதானே சொன்னீங்க?"

"அது வேற ஒருத்தர் கால் மேடம்."

கீழே பழைய சப்ளையர் பொங்கியண்ணன் தோளில் ஒரு படியோடு வந்து நின்றார்.

"ஏனுங் மேடம், கால் கடுக்குதுங்களா?"

"இல்லைங்க."

"எம்பட படியா இருந்தா இந்நேரம் மேல போயி வடையே தின்னிருப்பீங்க."

"கிண்டல் இருக்கட்டும். மூணு கொட்டேஷன் வேணும்."

"ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டா?"

"ரூல் ரூல்தானுங்க."

அவர் பையிலிருந்து மூன்றையும் எடுத்து நீட்டினார். ஒன்று அவருடையது, ஒன்று மச்சானுடையது, ஒன்று மனைவி தெய்வானை பெயரில். இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் வைத்திருப்பார்கள். கோகிலவாணி கால் நடுங்கப் படித்துப் பார்த்தாள். தெய்வானை விலைதான் குறைவு.

"அப்ப படியை அவங்கதான் வைக்கணும். நீங்க வைக்கக் கூடாது."

தெய்வானை ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். "அடுப்புல கொழம்பு கொதிக்குது. எம்பேர எதுக்குத்தான் எழுதி வெக்கிறீங்களோ," என்று புருஷனிடமிருந்து படியைப் பிடுங்கி வைத்தாள். மீதிப் படிகளையும் அதே விலைக்கு அவளே வைத்தாள்.

மேலே முதலாளி எழுந்து கைகுலுக்கினார்.

"அந்த நிலைமையிலும் மூணு கொட்டேஷன் வாங்கினீங்களாமே. பதவி உங்களுக்குத்தான்."

கோகிலவாணிக்குக் கண் கலங்கியது. தன் அறை எது என்று கேட்டாள்.

"மேலாளரைக் கையிருப்பில் வைப்பதில்லையே அம்மா. தேவைப்படும்போது வரவழைப்போம்."

நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. சாயங்காலம், படிகளை அடுக்கி வைத்திருந்த தெய்வானையின் குடோனில் அவளையும் இறக்கிவிட்டார்கள். உள்ளே நிதி மேலாளர் சுவரோரம் சாக்குப் போர்த்தி நின்றிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றார். "சம்பளத் தேதிக்கு என்னை முதல்ல எடுப்பாங்க."

அவள் தள்ளி நின்றுகொண்டாள்.