கிழித்த புத்தகத்தின் பின்பாதி

லண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டுக் குளியலறையில் முழங்காலில் நின்று டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் குகதாசனுக்கு அந்த அழைப்பு வந்தது. தெரியாத நம்பர். பசை காய்ந்த விரலால் எடுத்தார்.

"குகதாசன் அங்கிளோ? நான் தக்ஷிகா. ஹரோவில இருந்து, வாசுதேவன்ர மகள்."

குகதாசன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். வாசுதேவன் அவரோடு பேசி முப்பத்தெட்டு வருஷம். லண்டனுக்கு வந்தே இருவருக்கும் இருபது வருஷம் ஆகிவிட்டது. கலியாண மண்டபத்தில் ஒருவர் சாப்பாட்டு வரிசையில் நின்றால் மற்றவர் கதிரையை விட்டு அசையமாட்டார். அப்படி எத்தனை வீட்டு வடை பாயாசத்தை இந்த வீம்பு தின்றிருக்கும் என்று கணக்கே இல்லை.

"அப்பா ஆஸ்பத்திரியில. உங்களைப் பாக்கவேணுமாம். ஆனா அங்கிள்..." அவள் குரல் உடைந்தது. "கணையத்தில கான்சர். எல்லா இடமும் பரவிட்டுது. மாசக் கணக்கில்லை, கிழமைக் கணக்குத்தான் எண்டு டொக்டர் சொல்லுறார். அப்பாக்குத் தெரியாது. எதெண்டாலும் மகளிட்டச் சொல்லுங்கோ எண்டு அப்பாவே டொக்டரிட்ட முதலே சொல்லிட்டார். நான் வயித்துப் புண் எண்டு சொல்லி வச்சிருக்கிறன். ப்ளீஸ், நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா அண்டைக்கே உயிரை விட்டிடுவார்."

"நான் சொல்லமாட்டன், பிள்ளை," என்றார் குகதாசன்.

சொன்ன பிறகுதான் நெஞ்சில் குத்தியது. வாசுதேவனிடம் ஒரு சாவை மறைக்கச் சொல்லி, உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அவரிடம் கேட்கிறாள். பாவம், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

எண்பத்தாறாம் ஆண்டு இருவருக்கும் வயது இருபத்து மூன்று. ஜெர்மனியில், பெயர் சொன்னாலும் யாருக்கும் விளங்காத ஒரு சின்ன ஊரின் அகதி விடுதியில் ஒரே அறை. வேலை செய்ய அனுமதி இல்லை, மொழி படிக்க வகுப்பு இல்லை, வெளியே பனி. ரயில் நிலையக் கடையில் பழைய கௌபாய்க் கதைப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக மலிவு விலைக்குக் கிடந்தன. அறுபத்து நான்கு பக்கம், மட்டமான தாள், அட்டையில் துப்பாக்கியோடு ஒரு முறைப்பன். உள்ளே ஈவிரக்கம் மருந்துக்கும் கிடையாது. மூன்றாம் பக்கத்தில் ஒருவனை மரத்தில் தொங்கவிடுவார்கள், பத்தாம் பக்கத்தில் ஒரு குடும்பத்தைப் பண்ணை வீட்டோடு கொளுத்துவார்கள், செத்தவனின் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு குதிரை ஏறுவார்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஜெர்மன் படித்தது அதில்தான். தின்கிற பாணுக்கு என்ன சொல் என்று தெரியுமுன் சவப்பெட்டிக்குச் சொல் தெரிந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மா "என்ன வேண்டும்?" என்று கேட்டபோது வாசுதேவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கு யாரோடும் சண்டை இல்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போய்விடுவேன்" என்று பிசகில்லாத ஜெர்மனில் சொன்னார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தபடி முத்திரை குத்திக் கொடுத்தார்.

சாவுக்குத் தப்பி ஓடிவந்த பொடியன்கள் சாவுக் கதையை விழுந்து விழுந்து வாசித்தது ஏன் என்று யாரும் கேட்டால் குகதாசனிடம் ஒரு பதில்தான் உண்டு. அந்தச் சாவுகள் அறுபத்து நான்காம் பக்கத்தில் முடிந்தன. ஊரில் முடியவில்லை.

புத்தகம் ஒன்று, வாசிக்க இரண்டு பேர். ஆகவே நடுவில் குத்தியிருக்கும் கம்பியைக் கழற்றி, முதுகோடு கிழித்துவிடுவார்கள். முன்பாதி வாசுதேவனுக்கு. பின்பாதி குகதாசனுக்கு, ஏனென்றால் எவன் சாகிறான் என்று தெரியாமல் அவருக்கு நித்திரை வராது. வாசித்து முடிய மாற்றிக்கொள்வார்கள். ஒரே ஒரு சட்டம்: அதுவரை பின்பாதி வாசித்தவன் வாய் திறக்கக் கூடாது. "மச்சான், அந்தக் கிழவனை மட்டும் விட்டிடுவாங்கள்தானே?" என்று வாசுதேவன் கட்டிலில் இருந்து கெஞ்சுவார். குகதாசன் கல்லுளிமங்கனாகக் கிடப்பார்.

அந்தக் கார்த்திகையில் விடுதித் தொலைபேசிக்குக் கொழும்பில் இருந்து வாசுதேவனின் மாமா அழைப்பு எடுத்தார். வாசுதேவன் கடைக்குப் போயிருந்தார். குகதாசன்தான் கேட்டார். ஊரில் ஷெல் விழுந்து வாசுதேவனின் அம்மா போய்விட்டார். ஒரே மகன். அகதி விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. உடைந்துபோய்ப் போனால் வாய் குழறும், கேஸ் கெட்டுவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசாரணை முடிய நானே சொல்கிறேன் என்று மாமாவிடம் கெஞ்சி வைத்தார். விசாரணையைத் தள்ளிப்போட்டார்கள். பிறகும் தள்ளிப்போட்டார்கள். நாற்பது நாள் ஆயிற்று. அதற்குள் எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று மகன் செய்யவேண்டிய சடங்குகள் வேறு யாரோ கையால் நடந்து முடிந்தன. அதற்குள் வாசுதேவன் அம்மாவுக்கு இரண்டு கடிதம் எழுதினார். இரண்டையும் தபாலில் போட்டவர் குகதாசன்.

கடைசியில் சொன்ன நாளில் வாசுதேவன் கத்தவில்லை. "பின்பாதியை வாசிச்சுப்போட்டு நீ சும்மா இருந்திட்டாய்," என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. மறுநாள் வேறு அறை கேட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் குகதாசன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வார்டுக்கு வெளியே டொய்லெட் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். முகத்தில் ஈரம், கண்ணில் சிவப்பு, உதட்டில் ஒரு தயார்ச் சிரிப்பு. மூக்கைப் பார்த்தவுடனேயே வாசுதேவனின் மகள் என்று தெரிந்துவிட்டது.

"ஞாபகம்தானே, அங்கிள்?" என்று தக்ஷிகா மெல்லக் கேட்டாள்.

"ஓம்," என்றார். அவரை உள்ளே விட்டுவிட்டு அவள் தேத்தண்ணி வாங்கப் போனாள்.

கட்டிலில் வாசுதேவன் பாதியாகிக் கிடந்தார். கண் மட்டும் பழைய கண்.

"நல்லா நரைச்சுப்போனாய்," என்றார்.

"நீ மட்டும் குமரனோ?"

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. குகதாசன் பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பழுப்பேறிய தாள்கள், முப்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்து; பிரிந்த நாளில் கைமாறாமல் போன பின்பாதி. மூன்று நாடு, ஏழு வீடு மாறியும் எறிய மனம் வராத ஒரே குப்பை.

வாசுதேவன் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். "கூட்டாளி காட்டிக்குடுத்து, தூக்குக் கயித்தில இருந்து தப்பினவன்ர கதை. அவனைத் தேடிக்கொண்டு போறான். முன்பாதி அதோட நிக்குது." முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் ஒரு வரி பிசகவில்லை. "கடைசியில அவனைச் சுட்டவனோ?"

"சுட்டவன். சுட்டுப்போட்டு, தானே குழி வெட்டித் தாட்டவன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்." வாசுதேவன் தாள்களை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"மச்சான், நான் பெரிய பிழை விட்டிட்டன்," என்றார் குகதாசன். எத்தனை வருஷம் ஒத்திகை பார்த்த பேச்சு, இவ்வளவுதான் வந்தது. "உன்ர கேஸ் போயிடும் எண்டு பயந்தன்."

"தெரியும். கேஸ் வெண்டபடியாத்தான் நான் இருக்கிறன். ஆனா அம்மாக்கு அழ எனக்கு நாப்பது நாள் பிந்திப்போச்சு. செத்த மனுசிக்குச் சுகமோ எண்டு கேட்டு எழுதினனான், குகன்." சற்று மூச்சு வாங்கினார். "என்ர பிள்ளையும் உன்னை மாதிரித்தான். நல்லவள். வாய் திறக்கமாட்டாள். போனில உனக்குச் சொல்லியிருப்பாள். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டனான். சொல்லு."

குகதாசன் கதவைப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். முன்பும் இப்படி வாய் திறக்காமல் இருந்துதான் இவனை இழந்தார். வாசுதேவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புண் இல்லை, மச்சான். கான்சர். பரவிட்டுது. கிழமைக் கணக்குத்தானாம்."

வாசுதேவன் கண்ணை மூடினார். பிடித்த கையை மட்டும் விடவில்லை. பக்கத்துக் கட்டிலின் மெஷின் நாலைந்து தரம் கத்தி ஓய்ந்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே, மெல்லிய குரலில், ஜெர்மனில் சொன்னார்: "எனக்கு யாரோடும் சண்டை இல்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போய்விடுவேன்."

குகதாசன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, கிழட்டு மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

தக்ஷிகா மூன்று கப் தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள். இருவர் முகத்தையும் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது.

"அங்கிள்! சொல்லமாட்டன் எண்டு எனக்குச் சொன்னனீங்கள்தானே!"

"அவனை ஏசாதை. நான்தான் கேட்டனான்," என்றார் வாசுதேவன். "இஞ்ச வா. ஒவ்வொரு நாளும் அந்த டொய்லெட்டில நிண்டு முகத்தைக் கழுவிப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு வாறாய். எனக்குத் தண்ணிச் சத்தம் கேக்குது, பிள்ளை. இனிக் கழுவாதை."

குகதாசன் எழும்பிப்போய்க் கப்புகளை வாங்கிக்கொண்டார். அவள் நாலு எட்டில் கட்டிலடிக்கு வந்து, தகப்பனின் நெஞ்சில், அந்தப் பழைய தாள்களின் மேலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதாள்.

வாசுதேவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அழம்மா, அழு," என்றார். "இந்த முறை பிந்தேல்லை."