முப்பத்தொரு நிமிடப் பாட்டு

அருட்பிரகாசம் முதன்முதலில் வாசித்தபோது அந்தப் பாட்டு பத்தொன்பது நிமிடம். மூன்று வருடத்தில் அது முப்பத்தொரு நிமிடமாக வளர்ந்திருந்தது. ஆனால் அதற்கு ஒரு முடிவு மட்டும் அமையவில்லை.

மன்னாரில் அவன் கல்யாண வீடுகளிலும் கோயில் பெருநாட்களிலும் பேஸ் கிற்றார் வாசித்தவன். எண்பத்து மூன்றில் சுவிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, லாங்கன்தாலில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அங்கே சமையல்காரனாக இருந்த ஊவே ஒரு ஜேர்மன்காரன். அவனும், அவனைப்போல் எல்லைக்கு அப்பாலிருந்து வேலைக்கு வந்து தங்கிய மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு ரொக் குழு வைத்திருந்தார்கள். அதில் ஊவேக்கு ட்ரம்ஸ். குழுவின் பெயர் 'கெல்லர்லிஷ்ட்'. நிலவறை வெளிச்சம் என்று பொருள். பேஸ் வாசித்தவன் கோபித்துக்கொண்டு போய்விட்டதால், அருட்பிரகாசத்தை ஊவே கூட்டிக்கொண்டு போனான்.

முந்தியவன் ஏன் கோபித்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

குழுவுக்குத் தலைவன் டீற்றர். ஓர்கன் வாசிப்பான், பாடுவான். பகலில் வீடு வீடாகப் போய்ப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவன் தொழில். அவனுடைய காதுக்கு உலகத்தில் எதுவுமே சரியாக இருப்பதில்லை. ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் தொடங்கி, பதினொன்றுக்குத் தாவி, திரும்பவும் ஏழுக்கு வரும் அந்தப் பாட்டை ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பழைய நெசவுச்சாலையின் சாமான் அறையில் வாசிப்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் டீற்றர் கையைத் தூக்குவான்.

"நிப்பாட்டுங்கோ. எனக்கு வேற ஒண்டு வந்திருக்கு."

அருட்பிரகாசம் தேவாலயப் பூசைக்குப் போகாமல் அங்கே போனான். அறையில் கூட இருந்த தில்லைநாதன் கேலி செய்தான்.

"மூண்டு வருசமா ஒரே பாட்டோ? எங்கட அகதிக் கேசையாவது பேர்ணில ஒருநாள் முடிச்சுப்போடுவாங்கள். உன்ர ஜேர்மன்காரன் முடிக்கமாட்டான்."

"முடியும் அண்ணை. நல்ல பாட்டு."

உண்மையில் நல்ல பாட்டுத்தான். அதுதான் அவனைப் பிடித்து வைத்திருந்தது. பதினோராவது நிமிடத்தில் ஓர்கன் ஓய, பேஸ் தனியாக இறங்கிப் போகும் இடம் ஒன்று இருந்தது. அதை வாசிக்கும்போது, கொழுப்புப் படிந்த தட்டுகளும் வெந்நீரும் வெடித்த விரல்களும் அவனுக்கு மறந்துபோகும்.

எண்பத்தாறு சித்திரையில் ஒரு வாய்ப்பு வந்தது. ஜேர்மன் வானொலிக்காரர் ஒருவர் பாட்டை ஒலிப்பதிவு செய்து ஒலிபரப்புவதாகச் சொன்னார். எல்லைக்கு அப்பால் ஃபிரைபுர்க்கில் கச்சேரி. ஆனால் அருட்பிரகாசத்தின் அகதி விண்ணப்ப அட்டையோடு எல்லை தாண்ட முடியாது.

"வேன்ல பெட்டிகளுக்குப் பின்னால படுத்துக்கொண்டு வா" என்றான் டீற்றர்.

"பிடிபட்டா நீ வீட்டை போவாய். நான் எங்க போறது?"

டீற்றர் முணுமுணுத்தான். ஊவே ஓடித் திரிந்து, கச்சேரியை எல்லைக்கு இப்பால் பாசலில் ஓர் இளைஞர் மண்டபத்துக்கு மாற்றினான். வானொலிக்காரர் சனிக்கிழமை பின்னேரம் அங்கே வரச் சம்மதித்தார்.

நாற்பது பேர்தான் வந்திருந்தார்கள். வானொலிக்காரர் பதிவு யந்திரத்தில் நாடாச் சுருளை மாட்டி, "முப்பத்து மூன்று நிமிடம் ஓடும், போதும்தானே?" என்றார்.

முதல்தரம் பதினாலாவது நிமிடத்தில் டீற்றர் கையைத் தூக்கினான். கிற்றார் ஒரு சுருதி பிசகியதாம். வேறு யாருக்கும் கேட்கவில்லை. வானொலிக்காரர் நாடாவைத் திருப்பிச் சுற்றினார்.

இரண்டாம்தரம் பாட்டு தானாக எழுந்தது. நெசவுச்சாலையில் ஒருநாளும் அப்படி வாய்த்ததில்லை. பேஸ் தனியாக இறங்கிய இடத்தில் முன்வரிசைப் பெண்ணொருத்தி கண்ணை மூடினாள். இருபத்தேழாவது நிமிடம். இனி முடிவுதான். டீற்றரின் கை ஓர்கனை விட்டு மேலே போவதை அருட்பிரகாசம் கண்டான்.

ஆனால் அவன் நிறுத்தவில்லை. போன மாதம் டீற்றர் எறிந்துவிட்ட பழைய முடிவை வாசிக்கத் தொடங்கினான். ஊவே ஒருகணம் அவனைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே வந்தான். கிற்றார்க்காரனும் சேர்ந்தான். டீற்றர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். ஓர்கன் இல்லாமலே பாட்டு முதன்முறையாக ஒரு முடிவுக்கு வந்தது. நாற்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"கடைசியில் ஓர்கன் நிற்பது அருமையான யோசனை" என்று வானொலிக்காரர் ஒலிபரப்புச் சம்மதப் பத்திரத்தை டீற்றரிடம் நீட்டினார்.

"அது என்ர பாட்டில்லை" என்றான் டீற்றர். கையெழுத்துப் போடவில்லை.

ஊவே கெஞ்சினான், பிறகு கத்தினான். வானொலிக்காரர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று யந்திரத்தை மூடினார். கையெழுத்தில்லாத நாடாவை அழித்து வேறு பதிவுக்குப் பாவித்துவிடுவோம் என்று மட்டும் சொன்னார். அருட்பிரகாசம் வேனில் ஏறவில்லை. கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலில் திரும்பினான்.

இரண்டு கிழமை கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிகிறபோது, டீற்றர் ரெஸ்ரோரண்டின் பின்கதவடியில் வந்து நின்றான். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. "முடிவு கிடைச்சிட்டுது" என்று சொல்லி, ஒரு சின்ன மெட்டை வாயால் பாடிக் காட்டினான்.

ஈரக் கையோடு அருட்பிரகாசம் கேட்டுக்கொண்டு நின்றான். பழையதைவிட எவ்வளவோ மேலானது. அது அவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது.

"நல்லாயிருக்கு" என்றான்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வா."

"வரமாட்டன்."

"நல்லாயிருக்கெண்டு நீதானே சொன்னாய்?"

"ஓம். அடுத்த கிழமை உனக்கு இதைவிட நல்லது வரும்."

டீற்றர் வாயைத் திறந்தான். மறுப்பதற்குத்தான் திறந்தான். ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனிதன், திறந்த வாயை மூடிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். மாரிக் குளிருக்கு முன்னே குழு கலைந்துவிட்டது.

மார்கழியில் ஆராவ் நகரில் ஒரு கல்யாண வீட்டுக்கு அருட்பிரகாசம் வாசிக்கப் போனான். ட்ரம்ஸுக்கு ஊவேயையும் கூட்டிப்போனான். சனம் ஆடியது, முதல் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்தது. கை இன்னும் தந்தியில் இருந்தது. இவ்வளவுதானா என்பதுபோல் அவன் ஊவேயைத் திரும்பிப் பார்த்தான். ஊவே தோளைக் குலுக்கிவிட்டு, அடுத்த பாட்டுக்கு எண்ணத் தொடங்கினான்.