பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

ஏசுவடியான் வீட்டில் பாட்டுகள் கம்ப்யூட்டரிலிருந்து செல்போனுக்கு நடந்துதான் போகும். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்ததும் முன்னறைக் கதவைத் திறந்துவிடுவார். பாட்டுகள் வரிசையாக வெளியே வரும். நடைக்கூடத்தின் மறுகோடியில் சாப்பாட்டு மேசைமேல் செல்போன் இருக்கும். போய் ஏறிக்கொள்ளும்.

நடைக்கூடம் முதலில் பன்னிரண்டு அடிதான் இருந்தது. பாட்டு சேரச் சேர அதுவும் நீண்டுவிட்டது. இப்போது நடுவில் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. குத்துப்பாட்டுகள் அரை மணியில் போய்ச் சேர்ந்துவிடும். சோகப் பாட்டுகள்தான் பாடாய்ப் படுத்தும். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. ஏசுவடியான் குடையோடு போய்க் கிளப்பிவிட்டு வருவார்.

மனைவி கிரேஸ் புஷ்பம் இதிலெல்லாம் தலையிடுவதில்லை. சமையலறை வாசலைத் தாண்டும்போது காலைத் துடைத்துவிட்டுப் போகச் சொல்வதோடு சரி.

அந்த ஞாயிறு ஒத்திசைவு அதிகாரி இன்பவல்லி வந்தார். பஸ் ஸ்டாப் பக்கத்தில் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் எண்ணினார். கம்ப்யூட்டரில் 4,211. செல்போனில் 4,210.

“இந்தப் பக்கம் ஒண்ணு கூடுது, சார். பன்னிரண்டு மணிக்குள்ள ரெண்டும் சரியா வரணும். இல்லேன்னா கூடினது அழிஞ்சிடும்.”

எந்தப் பாட்டு என்று ஏசுவடியானுக்குத் தெரியும். அது முன்னறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. இடுப்பு வரைக்கும்தான் இருந்தது.

கல்யாணமான புதிதில் அவர் ஒரு சீட்டில் பாட்டுகளை எழுதி, கேசட் கடையில் பதியக் கொடுத்தார். அறுபது நிமிட கேசட்டுக்கு எத்தனை பாட்டு பிடிக்கும் என்ற கணக்கு அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை. பட்டியல் தீர்ந்த பிறகும் பி பக்கத்தில் கொஞ்சம் நாடா மிச்சமிருந்தது. கடைக்காரர் சும்மா விடுவானேன் என்று கைக்கு வந்த ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். ஒரு நிமிடம் பத்து விநாடியில் நாடா முடிந்தது. பாட்டு, ஒரு ஓடம் ஆற்றில் இறங்கும் இடத்தில் அறுந்தது.

அறுந்த இடத்திலிருந்து புஷ்பம் பாடினார். மிச்சப் பாட்டை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே தானாக ஒன்றைப் பாடி, ஓடத்தைக் கரை சேர்த்தார். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோதும் அந்தப் பாதிப் பாட்டை வெட்ட ஏசுவடியானுக்கு மனம் வரவில்லை. அது அழிந்துபோனால் புஷ்பம் எதிலிருந்து பாடுவார் என்பதுதான் இப்போது அவர் பயம்.

“பாதிப் பாட்டுக்கு அனுமதி இல்ல. மிச்சம் எங்க?” என்றார் இன்பவல்லி.

“அடுப்படியில.”

இன்பவல்லி நல்ல மனுஷிதான். பையைத் திறந்து, முழுதாக இருந்த அசல் பாட்டை எடுத்துக் காட்டினார். மாற்றிக்கொள்ளச் சொன்னார். ஏசுவடியான் காது கொடுத்துக் கேட்டார். அதில் ஓடம் கவிழ்ந்துவிட்டது. எல்லோரும் அழுதார்கள். இது வேறு யாருடைய பாட்டோ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் மிச்சம் நேரில் ஆஜராக வேண்டும் என்று இன்பவல்லி ஒரு படிவத்தை நீட்டினார். புஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிரப்பினார். பெயர்: கிரேஸ் புஷ்பம். நீளம்: இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. ஏசுவடியானுக்கு அது ரொம்பக் குறைச்சலாகப் பட்டது.

பிரதிதான் போகும், அசல் இங்கேயே இருக்கும் என்று இன்பவல்லி உறுதி சொன்னார். மணி பத்தே முக்கால்.

“நான் அதுகூட ஒரு நடை போயிட்டு வாரேன். மீன் கொழம்பைப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, புஷ்பம் பாதிப் பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அது முன்னால் பாடிக்கொண்டே போனது. இடுப்புக்குக் கீழே இல்லாத இடத்தில் புஷ்பத்தின் சேலை அசைந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் ஏசுவடியானுக்குப் பாட்டு கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. குழம்பு கொதித்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புஷ்பம் பாதிப் பாட்டோடு திரும்பி வந்தார். இன்பவல்லி இரண்டு பக்கமும் 4,211 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏசுவடியானுக்கு அப்பாடா என்றிருந்தது.

சாப்பாடு முடிந்து, முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் போட்டார். வழக்கம்போல ஓடம் ஆற்றில் இறங்கியது. ஒரு நிமிடம் பத்து விநாடியில் அறுந்தது. காத்திருந்தார். சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

மறுபடி போட்டார். மறுபடி அறுந்தது.

“எழவு, பாட்டு நின்னு போச்சே. கேட்டியா?” என்று குரல் கொடுத்தார்.

“அதான் போன்ல ஏத்தியாச்சுல்லா. அதுல போட்டுக் கேளுங்க” என்றார் புஷ்பம். கோபமெல்லாம் இல்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துவைக்கும் சத்தம் கேட்டது.

ஏசுவடியான் செருப்பைத் தேடினார். குடையை எடுத்தார். நடைக்கூடத்தின் மறுகோடியில் செல்போன் புள்ளியாகத் தெரிந்தது. அந்தப் போனுக்குள்ளே புஷ்பம் முழுசாக, பிசிறில்லாமல், எத்தனை தடவை கேட்டாலும் ஒரே மாதிரி பாடிக்கொண்டிருப்பார். அதை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

பாதிப் பாட்டு சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டிருந்தது. காலில்லாததால் துடைக்க ஒன்றுமில்லை.

ஏசுவடியான் பிறந்ததிலிருந்து பாடியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஓடம் போன தெசையில, ரெண்டு கொக்கு நிக்குது” என்று பாடினார். கேட்கச் சகிக்கவில்லை.

குழாய் நின்றது.

“ரெண்டு இல்ல. ஒரு கொக்கு” என்ற புஷ்பம், அந்த வரியைச் சரியாகப் பாடிக் காட்டினார்.

தூரத்தில் பஸ் ஸ்டாப் பக்கம் இன்பவல்லி எழுந்து நின்றார். உங்க பக்கம் ஒண்ணு கூடுது சார் என்று சத்தம் போட்டுவிட்டு, நாற்காலியை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். வந்து சேர எப்படியும் கால் மணி ஆகும்.

ஏசுவடியான் மூன்று கொக்கு என்று பாடினார்.